ஐந்து கல்லறைகளும் ஆறாவது கொடியும்

எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் ஐந்து பேர் படுத்திருப்பது தெரியும். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், வெரிபீ என்ற புறநகரில், ஒருகாலத்தில் ஒரே குடும்பத்தின் பண்ணையாக இருந்த வெளியைக் கூறுபோட்டு வீடு வீடாக விற்றபோது இவர்களை மட்டும் அசைக்க முடியவில்லை. ஆகவே தெருக்கள் இவர்களைச் சுற்றி வளைந்துகொண்டு போகின்றன, நித்திரை கொள்ளும் பெரியவர்களைச் சுற்றிப் பிள்ளைகள் அரவமில்லாமல் நடப்பதுபோல. ஐந்து கல். ஒரு துருப்பிடித்த இரும்புக் கிராதி. ஒரு பெப்பர்கோர்ன் மரம். மரத்தின் கீழே, ஆட்கள் உட்கார, கவுன்சில் என்கிற நகரசபை வைத்த வாங்கு. மற்றதெல்லாம் சாம்பல் நிறக் கூரை, கூரைக்கு மேலே காற்று, காற்றுக்கு மேலேயும் காற்று.

காணி விற்றவர் இந்தத் துண்டைக் காட்டும்போது சற்றுத் தயங்கினார். பிறகு, "அமைதியான அயல்" என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். என் கணவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"நல்ல சனம்தானே. பாட்டுப் போட்டு ஆடாதுகள். கருவாடு பொரிக்க மணக்குது எண்டு முறைப்பாடும் குடுக்காதுகள். எடுப்பமே?"

எடுத்தோம்.

எனக்குப் பயம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். பயம் வரவில்லை. குடிவந்த முதல் கிழமையே தேநீர்க் கோப்பையோடு போய் ஒவ்வொரு கல்லாக வாசித்தேன். கப்பலில் வந்த மனிதன், அவன் மனைவி, வளர்ந்த இரண்டு மகன்மார், கலியாணம் கட்டாமல் கிழவியாகி இறந்த ஒரு மகள். பிறந்த ஊர் எழுதியிருந்தது. இறந்த நாள் எழுதியிருந்தது. மூத்த மகன் குதிரையிலிருந்து விழுந்தான் என்றுகூட எழுதியிருந்தது. ஒரு மனிதனுக்கு என்ன நடந்தது என்பது கல்லிலே, மழை கரைக்காத ஆழத்திலே, போகிற வருகிற எவரும் வாசிக்கும்படி! தேநீர் ஆறிப்போனது. வீட்டுக்குத் திரும்பி வரும்போது அடிவயிற்றில் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் வெட்டிய கையில் உப்புப் பட்டால் எரியுமே, அப்படி ஓர் எரிவு. அதற்குப் பெயர் பொறாமை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். செத்தவர்கள் மீது பொறாமைப்படுகிறாயா என்று கேட்டால், ஓம். அவர்கள் செத்தது எல்லோருக்கும் தெரிகிறதே, அதில்தான் பொறாமை.

என் அண்ணா காணாமல் போனவர். அவ்வளவுதான் எழுத முடியும். போரின் கடைசி மாதங்களில் ஒரு காலை, தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர். அதற்குப் பிறகு வரும் வரியை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மன்னாரில், எங்கள் கோயிலடிச் சேமக்காலையில் கல் இருக்கிறது. பக்கத்தில் அம்மாவுக்கென்று இடம் விட்டிருந்தோம். அண்ணாவுக்கு விட்ட இடம் என்று ஒன்றில்லை. விட்டால், அவர் செத்துவிட்டார் என்றல்லவா ஆகிவிடும்.

இங்கே எங்கள் பங்குக் கோயிலில் நவம்பர் பிறந்ததும் வாசலில் கடித உறைகளை வைப்பார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி உள்ளே போட்டுக் கொடுத்தால் அந்த மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். ஒவ்வொரு வருடமும் நான் உறையை எடுத்து வந்து குசினி மேசையில் வைத்துவிட்டு மன்னாருக்கு அழைப்பு எடுப்பேன்.

"அம்மா, இந்த முறை அண்ணாவையும் எழுதட்டோ?"

"எழுது. எழுதிறதெண்டால் கீழ என்ர பேரையும் சேர்த்து எழுது."

அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்பாவின் பெயரை மட்டும் எழுதி ஒட்டுவேன். அம்மா அண்ணாவின் பிறந்தநாளுக்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுப்பார். உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்கிற பூசை. அண்ணாவின் நீலக்கோடு போட்ட முழுக்கைச் சேட்டு ஒன்றை மாதம் ஒருமுறை தோய்த்து, காயவைத்து, அயன் பண்ணி மடித்து வைப்பார். வந்து இறங்கினால் போட உடுப்பு வேண்டுமே.

பிறகு அம்மாவும் போய்விட்டார். எனக்கு வேலையில் லீவும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. சேமக்காலையில் அம்மாவை இறக்குவதைத் தொலைபேசியில் பார்த்தேன். பெட்டி பாதி இறங்கியபோது படம் உறைந்துவிட்டது. அந்தப் பாதியிலேயே அம்மா இன்னும் எனக்குள் நிற்கிறார். சில மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி ஒரு பொதி கொண்டுவந்தாள். உள்ளே சீலாக் கருவாடு, பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, அதற்கிடையில் பொலித்தீனில் சுற்றிய நீலக்கோட்டுச் சேட்டு. சேட்டில் அண்ணாவின் மணம் இருக்கும் என்று முகத்தைப் புதைத்தேன். கருவாடு மணந்தது.

அந்த நவம்பரில் தடுக்க ஆளில்லை. அம்மாவின் பெயரை எழுதினேன். அண்ணாவின் பெயரை எழுதப் போனால் கை வரவில்லை. வைத்த இடம் என்று ஒன்று இல்லாமல் ஒரு ஆளைச் செத்தவர் என்று எப்படி எழுதுவது?

இப்படி இருந்த காலத்தில்தான் அவள் வந்தாள். கல்லறைக்காரரின் உரித்துக்காரி.

எழுபது வயதுக்காரியை 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். பொறாமை மரியாதை பார்ப்பதில்லை. வருடத்தில் இரண்டு மூன்று தரம், பின்பக்கம் திறந்த, தகரம் கறகறக்கும் பழைய யூட் வண்டி ஒன்றில் வருவாள். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் புல்வெட்டும் இயந்திரம். உர்ரென்று கிராதிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லைத் தலைமழிப்பாள். பிறகு ஒரு வேலை செய்வாள்: ஒவ்வொரு கல்லையும் பூட்ஸ் காலால் ஓர் உதை உதைத்துப் பார்ப்பாள், ஆடுகிறதா என்று. கப்பலில் வந்த பூட்டனுக்கும் ஓர் உதை. பூட்டிக்கும் ஓர் உதை. முதல் தரம் பார்த்தபோது யன்னலுக்குள் நின்ற என் கால் கூசியது.

வேலி ஓரம் போய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவள் பேசுவது ஆங்கிலம்தான். ஆனாலும் அவள் பேச்சு எனக்குள் எங்கள் தமிழிலேயே வந்து விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"குடு, மகராசி. இதுகளால எனக்கு ஒரே கரைச்சல். என்ர முழங்கால் போச்சு. செத்தும் வேலை வாங்குதுகள்."

"உங்கட ஆக்கள்தானே."

"ஆக்கள்தான். ஆர் இல்லை எண்டது? கிழவன் சரியான குடிகாரன். அந்தக் கல்லில 'அன்பான தகப்பன்' எண்டு கிடக்கெல்லே? காசு குடுத்துக் கொத்தினது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. வயிறு நிறைந்தவன்தான் சோற்றைத் தள்ளி வைப்பான். ஐந்து பேரை எண்ணிப் பார்த்து, புல் வெட்டி, உதைத்து, ஏசிவிட்டுப் போகலாம். அடுத்த தரம் வந்தாலும் ஐந்து பேரும் அங்கேயே இருப்பார்கள். அந்த நிச்சயம்! யூட் போன பின்பு அவள் தண்ணீர் குடித்த கோப்பையைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்துக் கழுவினேன்.

அடுத்து நான் செய்ததைத் திருட்டு என்பதா, வேறென்ன என்பதா, தெரியவில்லை.

ஒரு வேலை நாள். மத்தியானம். எங்கள் குடியிருப்பில் பகலில் ஒரு குருவியும் இராது. எல்லோரும் ரயிலிலும் காரிலும் நகரத்துக்குப் போய்விடுவார்கள். வேர்ஹவுஸில் வேலை செய்யும் என் கணவரின் ஆரஞ்சு நிற ஒளிரும் மேலங்கியைப் போட்டுக்கொண்டேன். இந்த நாட்டில் அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு நாடாளுமன்றத்தைத் தோண்டினாலும் ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார். மண்வெட்டி, கல் பெயர்க்கும் அலவாங்கு, கையில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி. பெட்டிக்குள் சேட்டு.

கிராதிக்குள், மூலையில், மரத்தின் நிழல் விழும் பக்கம் வெற்றிடம் இருந்தது. புல்லைப் பாய்போலக் கவனமாகச் சீவி எடுத்து வைத்தேன். ஒரு சேட்டுக்கு எவ்வளவு குழி வேண்டும்? ஒரு சாண் போதும். ஆனால் என் அண்ணா ஆறடி. வளர்ந்த ஆம்பிளைக்குச் சாண் அளவில் குழி வெட்டுவதா என்று மனம் கேட்கவில்லை. கால்மாடு கிழக்கே வரும்படி, ஊரில் எப்படி வைப்போமோ அப்படியே, ஆள் நீளத்துக்குக் கோடு கீறி வெட்டத் தொடங்கினேன். பார்த்தால் அந்த ஐந்து கல்லும் அதே திசையில்தான் கிடந்தன. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

வெரிபீ மண் லேசான மண் இல்லை. மேலே களி, கீழே கருங்கல். அலவாங்கு கல்லில் பட்டுத் தீப்பொறி பறந்தது. பாதி நீளம் வெட்டுவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நாயோடு நடந்து போன ஒருவர் நின்று, "நல்ல வேலை, தொடர்ந்து செய்யுங்கோ!" என்று கையசைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் முடியவில்லை. பாதி ஆள் நீளக் குழியில் பெட்டியை இறக்கி, மண்ணைத் தள்ளி, சீவிய புல்லைத் திரும்பப் பதித்துத் தண்ணீர் ஊற்றினேன். ஜாம் போத்தலுக்குள் ஒரு சின்ன மெழுகுதிரி கொளுத்தி வைத்தேன். பரலோக மந்திரம் சொன்னேன். காற்றில் மெழுகுதிரி அணைந்தது. மீண்டும் கொளுத்தவில்லை, காய்ந்த புல், நெருப்புப் பிடித்தால் ஐந்து பேரோடு ஐம்பது வீடும் போகும்.

பின்னேரம் கணவர் என் கையைப் பார்த்தார்.

"என்னப்பா கையில?"

சொன்னேன். அவர் கதிரையில் அப்படியே இருந்தார்.

"வெள்ளைக்காரன்ர சவக்காலைக்குள்ள எங்கட மச்சானைக் கொண்டுபோய்க் குடிவைச்சிட்டு வந்திருக்கிறீர். விசா இல்லாமல்."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் யன்னல் பக்கம் போய், கைகளைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பாத்திரம் கழுவும்போது யன்னலால் பார்ப்பேன். ஆறு பேர். அந்த எண்ணிக்கை எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். உரித்துக்காரி வந்து கற்களை உதைத்தாலும் முன்போல எரியவில்லை. உன்னிடம் ஐந்து இருந்தால் என்னிடம் ஒன்று இருக்கிறது, போ. ஆனால் அடுத்த நவம்பரிலும் உறையில் அண்ணாவின் பெயரை எழுத முடியவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இடம் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று கையைக் கேட்டேன். அப்பா, அம்மா பெயர்களோடு உறையை ஒட்டினேன்.

பிறகு கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பழைய கிராதியைக் கழற்றிப் புதிய வேலி போடப்போகிறார்கள். அதற்கு முன் கல்லில்லாத கல்லறைகள் ஏதும் உண்டா என்று நிலத்தைச் சோதிப்பார்கள். அயலவர்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

சத்தமே இல்லை. ஓர் இளைஞர் பிள்ளை வண்டில்போல ஒன்றைத் தள்ளிக்கொண்டு புல்லின் மேல் முன்னும் பின்னும் நடந்தார். மண்ணுக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் இயந்திரமாம். விடுமுறையில் வீட்டிலிருந்த மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இந்த வெள்ளைக்காரருக்கு முதல் இஞ்ச இருந்த ஆக்கள், தி ஃபர்ஸ்ட் பீப்பிள், அவையின்ர கிரேவ்ஸையும் அந்த மெஷின் காட்டுமோ?"

எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. பொறாமைக்கு நேர் முன்னால் நிற்பவரை மட்டும்தான் கண் தெரியும். "தெரியேல்லையடா" என்றேன். அதற்குள் அந்த இளைஞர் சின்ன ஆரஞ்சுக் கொடிகளை நிலத்தில் குத்தத் தொடங்கியிருந்தார். ஐந்து கல்லுக்கு ஐந்து. பிறகு மூலையில், மரநிழலில், ஆறாவது.

என் கையிலிருந்த கோப்பை தொட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை.

இளைஞர் அழைத்துச் சொன்னாராக்கும், உரித்துக்காரியின் யூட் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டது. அவள் ஓடி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன், முழங்கால் போனவள். நானும் வேலிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இளைஞர் கவனமாகத்தான் பேசினார். மண் கலைந்திருக்கிறது என்றுமட்டும்தான் இயந்திரம் காட்டும், எப்போது, யார் என்று காட்டாது. உள்ளே ஏதோ உலோகம் இருக்கிறது. நீளம் குறைவு. மற்றவற்றோடு ஒரே திசை.

"ஒரே திசை" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "நீளம் குறைவு. அப்ப, குழந்தை."

என்னைக் கண்டதும் கிராதிக்கு மேலால் என் கையைப் பிடித்தாள்.

"வீட்டில ஒரு வேதாகமம் கிடக்கு. முதல் தாளில பிறந்த பிள்ளையள் எல்லாற்ற பேரும் பூட்டியின்ர கையாலேயே எழுதியிருக்கு. மூண்டாவது பிள்ளைக்கு ஒரே ஒரு எழுத்துத்தான். பேர் இல்லை, செத்த நாள் இல்லை. என்ர அம்மா சாகும்வரைக்கும் தேடினவ. தேவாலயப் பதிவு, பேப்பர், எல்லாம். நானும் தேடினனான். இஞ்ச கிடக்கு. இவ்வளவு காலமும் என்ர காலுக்குக் கீழயே கிடக்கு!"

அவள் அழுதாள். பூட்டனை உதைக்கிறவள், குழந்தைபோல மூக்கை உறிஞ்சி அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் இரக்கப்பட்டதாக எழுதினால் இந்தப் பக்கம் பொய்யாகிவிடும். எனக்குள் நெருப்பு எழுந்தது. ஐந்து பேரை வைத்திருப்பவள் நீ. தொலைந்தது ஒன்றே ஒன்று. அதுவும் உனக்குக் கிடைக்கவேண்டுமா? அதுவும் என் அண்ணாவின் இடத்திலா? தொலைந்தவரைக் கண்டெடுக்கிற அதிர்ஷ்டம் எங்கள் தெருவுக்கு வந்து, வீட்டு இலக்கம் மாறி அவள் மடியில் இறங்கிவிட்டது.

வீட்டில் பெரிய வாக்குவாதம்.

"பேசாமல் இரும்" என்றார் கணவர். "சொன்னால் கவுன்சில் பிடிச்சுத் தண்டம் அடிக்கும். இல்லாட்டி மனிசி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழும். அந்தப் பிள்ளை இஞ்சதான் எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கட்டுமன். உமக்கு என்ன குறையுது?"

"அண்ணா குறையுறார்."

"மச்சான் அதுக்குள்ள இல்லையப்பா. சேட்டுத்தான்."

அவர் சொன்னது உண்மை. உண்மை சொல்கிறவர்மீது அன்றைக்கு எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு கிழமை பேசாமல் இருந்தேன். அந்தக் கிழமை முழுக்க யன்னல் திரையை மூடியே வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் எங்கள் வாசல் மணியை அடித்தாள். கையில் ஒரு சிறிய பழக் கேக், ஒரு கடதாசி. குசினிக் கதிரையில் உட்கார்ந்து கடதாசியை மேசையில் விரித்தாள். கல் கொத்துகிறவருக்குக் கொடுக்க எழுதிய வாசகம். குழந்தையின் அந்த ஒற்றை எழுத்து. அதன் கீழே, 'இந்தக் குடும்பத்தின் பிள்ளை. கண்டெடுக்கப்பட்டது.'

"கல்லு வைக்கிற அண்டைக்கு நீயும் வரவேணும்" என்றாள். "எங்கட சபையில செத்தவைக்குச் செபம் சொல்லுற வழக்கம் இல்லை. உங்கட ஆக்கள் சொல்லுவினமெண்டு கேள்விப்பட்டனான். ஒண்டு சொல்லிவிடு. பக்கத்து வீட்டுக்காரி நீ. எங்களைவிட நீதான் இதுகளைக் கூடப் பாத்திருக்கிறாய்."

கண்டெடுக்கப்பட்டது என்ற அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணாவின் நெஞ்சின்மேல் அதைக் கொத்தி நிறுத்தப்போகிறார்கள். நான் ஆறடி தொடங்கி அலுத்துப்போய்ப் பாதியில் விட்டதால் அவர் இவர்களுடைய குழந்தையாகிவிட்டார். போதாததற்கு நானே போய் நின்று செபம் சொல்லவேண்டும்.

நேர்மையால் வாய் திறக்கவில்லை. பொறாமை பொறுக்காமல்தான் திறந்தேன்.

"அது உங்கட பிள்ளை இல்லை. என்ர அண்ணா."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. எல்லாம் சொன்னேன். தண்ணீர் எடுக்கப் போனது, அம்மா அயன் பண்ணிய சேட்டு, ஆரஞ்சு மேலங்கி, அலவாங்கு, பாதிக் குழி. சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வடிந்து இறங்கிக்கொண்டே போனது. கடதாசியை எடுத்து நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை. யூட்டின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய்விட்டாள் என்று நினைத்து நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தாள். கையில் மண்வெட்டி.

"வா. எடு வெளியால."

அவளே வெட்டினாள். முழங்கால் போனவளிடமிருந்து மண்வெட்டியை வாங்கப் போனேன், தரவில்லை. "உனக்கு வெட்டத் தெரியாது எண்டுதான் பாத்தமே" என்றாள். முன்பே கிளறிய மண், சுலபமாக விட்டது. பெட்டி துருவேறி, மூடியின் ஓரத்தால் தண்ணீர் போயிருந்தது. மண்டியிட்டு நான்தான் திறந்தேன். சேட்டு ஈரமாக, கனமாக, களி நிறம் ஏறிக் கிடந்தது. நீலக்கோடு மட்டும் தெரிந்தது.

அவள் கேட்காமலே அதை என் கையிலிருந்து எடுத்தாள். தோள்பட்டை இரண்டையும் பிடித்து விரித்துத் தூக்கிப் பார்த்தாள். காற்று உள்ளே புகுந்து நெஞ்சுப் பக்கம் சற்று நிமிர்ந்தது.

"பெரிய ஆள்."

"ஆறடி."

"என்ன வயசு?"

"முப்பத்தொண்டு."

"என்ன பேர்?"

சொன்னேன். அவள் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. மீண்டும் சொல்லிக் கேட்டாள். மூன்றாம் தரம் ஏறக்குறைய வந்தது. அந்தப் பெயரை ஒரு குழிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தரம். என் காது அதைத் தாங்கிக்கொண்டது.

"உனக்குச் சேட்டு இருக்கு" என்றாள். "தோள் அகலம் தெரியுது. வயசு தெரியுது. தண்ணி எடுக்கப் போனது தெரியுது. எனக்கு ஒரு எழுத்து."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் சேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பாத்திரம் கழுவும்போது யன்னல் கண்ணாடியில் இத்தனை காலமாக நான் கண்ட பார்வை. என்மீது ஒருவர் பொறாமைப்படுவார் என்று, அதுவும் அண்ணாவின் விஷயத்தில், நான் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

குழியை இருவரும் சேர்ந்து மூடினோம். அவர் ஆரஞ்சுக் கொடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். வெட்டத் தொடங்கும்போது பிடுங்கி வைத்தது. வீசப்போகிறார் என்று நினைத்தேன். திரும்ப அதே இடத்தில் குத்தினார்.

"ஒருத்தரும் இல்லை எண்டு எனக்கும் உனக்கும் தெரியும். கவுன்சிலுக்கு ஏன்? இதையும் உள்ளுக்கு விட்டுத்தான் அவை வேலி போடவேணும். இடம் கிடக்கட்டும்."

எங்கள் ஊர் பஸ்ஸில் யன்னலுக்குள்ளால் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்போம். அது நினைவுக்கு வந்தது. யாருக்கு இந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

சேட்டை மூன்று தரம் தோய்த்தேன். களிமண் முழுக்கப் போகவில்லை. கருவாட்டு மணம் போய்விட்டது. உடுப்புக் கொடியில் காயப்போட்டு, அயன் பண்ணி, மடித்து, என் அலுமாரியில் வைத்தேன். அயன் சூட்டில் கையை வைத்தபோது அம்மாவின் மாதாந்த வேலை எனக்கு விளங்கியது. அம்மாவின் அயன் அண்ணா வரப்போகிறார் என்பதற்காக. என் அயன் அதற்காக இல்லை. அந்த வித்தியாசம் தெரிந்தபோது அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

நவம்பரில் உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அப்பா. அம்மா. மூன்றாவது வரியில் அண்ணாவின் பெயரை முழுதாக எழுதினேன். எழுதிய கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவர் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"எழுதிப்போட்டீரே?"

"ஓம்."

"கீழ அது என்ன, ஒரு எழுத்து?"

"பக்கத்து வீட்டாக்கள்" என்றேன்.

வெளியே யூட் கறகறத்தது. புது வேலி கறுப்பாக, அகலமாக நிற்கிறது, ஆறு பேருக்கும் தாராளமாக. அவர் புல்லை வெட்டினார். பிறகு ஒவ்வொரு கல்லாக வந்து பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார்: பூட்டன், பூட்டி, மகன், மகன், மகள். மூலைக்கு வந்தார். வெறும் புல். வெயிலில் வெளுத்த சின்னக் கொடி. அதற்கு உதை இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து, கொடியைச் சுற்றியிருந்த புல்லைக் கையாலேயே பிடுங்கினார், மெதுவாக, ஒரு பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்குவதுபோல.

நான் உறையை ஒட்டி வைத்துவிட்டு, கோப்பையில் தண்ணீரோடு வெளியே போனேன். அடிவயிற்றில் அந்தப் பழைய எரிவு இருக்கத்தான் செய்தது. வேலிக்கு உள்ளே போய், கொடியின் மற்றப் பக்கம் குந்தி, மிச்சப் புல்லை நான் பிடுங்கினேன்.